ஸ்பேக் என்றால் என்ன? பழைய ஆங்கில இறந்தகால வினைகள்: ஒரு பாடம்



இந்த இதழில் கொஞ்சம் ஆங்கில இலக்கணம் படிக்கப் போகிறோம். "அதைத்தான் பள்ளியில தினமும் படிக்கிறோமே, இங்கேயுமா?" என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுங்கள். இது பள்ளிப் பாடப்புத்தகத்தில் இல்லாத இலக்கணம். ஆனால் கீதையையோ மகாபாரதத்தையோ ஆங்கிலத்தில் படிக்கக் கையில் எடுத்தால், முதல் பக்கத்திலேயே வழிமறித்து நிற்கும் இலக்கணம்.

நம்மில் பலர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவோம். ஆனால் முந்நூறு பக்கத் தமிழ் நூலைப் படித்து முடிப்பது சிரமம். சமஸ்கிருதம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடுகிறோம். இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவை பெரும்பாலும் நூறு ஆண்டுக்கு முந்தியவை. சார்லஸ் வில்கின்ஸ் 1785இல் வெளியிட்ட கீதை, எட்வின் ஆர்னால்டு 1885இல் செய்யுளாகத் தந்த 'தி சாங் செலஸ்டியல்', ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள், கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை பகுதி பகுதியாகக் கொண்டுவந்த முழு மகாபாரதம் எல்லாம் அந்த வகைதான்.

எங்கள் கிளையின் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி வரும்: "அண்ணே, இங்க ஸ்பேக்னு போட்டிருக்கே, பிரிண்டிங் மிஸ்டேக்தானே?" ஒரு மாணவர் பென்சிலால் 'ஏ'வை அடித்துவிட்டு 'ஓ' என்று திருத்தியே வைத்திருந்தார். பத்துப் பக்கம் போனதும் திருத்த முடியாத அளவுக்கு அப்படிப்பட்ட சொற்கள் வந்துவிட்டன. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். இருபது வினைச்சொல் தெரியாததால் ஒரு நல்ல நூல் பாதியில் நின்றுபோகிறது. அந்த இருபதைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும்.

இது சின்ன விஷயம் இல்லை. மகாத்மா காந்தி சட்டம் படிக்க லண்டன் போயிருந்தபோதுதான் முதன்முதலில் கீதையைப் படித்தார். அதற்குமுன் சமஸ்கிருதத்திலோ தம் தாய்மொழியான குஜராத்தியிலோ படித்ததில்லை என்று சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். அன்று அவர் கைக்கு வந்தது ஆர்னால்டின் ஆங்கில நூல். அதன் முதல் அத்தியாயத்திலேயே 'ஸ்பேக்' வருகிறது.

முதலில் நம் தமிழைப் பார்ப்போம்

'புகு' என்ற வினைக்கு இறந்தகாலம் என்ன? புகுந்தான். பேச்சில் "உள்ள பூந்துட்டான்" என்போம். ஆனால் பழைய செய்யுள்களில் 'புக்கான்' என்று வரும். அதேபோல 'நகு' என்றால் சிரி. அதன் பழைய இறந்தகாலம் 'நக்கான்', அதாவது சிரித்தான். இது தெரியாதவர் அரசன் எதையோ நக்கினான் என்று நினைத்துக்கொள்வார்!

புக்கான், நக்கான் இரண்டும் பிழை இல்லை. வினையின் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுவது தமிழின் பழைய முறை. விடு, விட்டான்; பெறு, பெற்றான் என்று இன்றும் அந்த முறை வாழ்கிறது. அடிக்கடி பேசும் சொற்கள் அதைக் காப்பாற்றிக்கொண்டன. புகு, நகு இரண்டும் பேச்சில் குறைந்துபோனதால் அவற்றின் பழைய வடிவம் செய்யுளோடு நின்றுவிட்டது.

ஆங்கிலத்திலும் நடந்தது இதுதான். இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

ஆங்கிலத்தில் இரண்டு குடும்பங்கள்

ஆங்கில வினைகளில் பழங்காலம் முதல் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, கடைசியில் 'எட்' போன்ற ஒலியை ஒட்டவைத்து இறந்தகாலம் காட்டுவது: வாக், வாக்ட். இன்னொன்று, நடுவில் உள்ள உயிரொலியை மாற்றுவது: சிங், சேங், சங். இலக்கணக்காரர்கள் முதலாவதை வலுவற்ற வினை என்றும் இரண்டாவதை வலுவான வினை என்றும் சொல்வார்கள். வெளியில் இருந்து உதவிக்கு ஒன்றைச் சேர்க்காமல் தன் உயிரையே மாற்றிக்கொள்வதால் அது வலுவான வினையாம்.

சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஆங்கிலத்தில் இன்னொரு நுட்பமும் இருந்தது. 'நான் பாடினேன்' என்பதற்கு ஓர் உயிரொலி, 'நாங்கள் பாடினோம்' என்பதற்கு வேறு உயிரொலி. ஒருமையில் 'சங்' என்ற சொல்லில் ஆ ஒலி, பன்மையில் உ ஒலி. பிறகு ஒருமை பன்மை வேறுபாடு தேய்ந்துபோனது. எந்த உயிர் நிலைக்கும் என்பதில் ஒவ்வொரு வினையும் தனித்தனி வழியில் போனது. இன்றைக்கும் சேங், சங் இரண்டில் எது சரி என்று தேர்வில் நாம் தடுமாறுகிறோமே, அந்தத் தடுமாற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இங்கே நமக்கு ஓர் இனிய செய்தி உண்டு. 'தெரியும்' என்று பொருள்படும் பழைய ஆங்கில வினை ஒன்று, ஒருமையில் 'வாட்' என்றும் பன்மையில் 'விட்' என்ற அடியோடும் வந்தது. சமஸ்கிருதத்தில் 'வித்' என்ற அடியில் இருந்து 'வேத' என்றால் நான் அறிவேன், 'வித்ம' என்றால் நாங்கள் அறிவோம். ஒருமைக்கு ஓர் உயிர், பன்மைக்கு வேறு உயிர். இரண்டும் ஒரே மூலத்தில் இருந்து பிரிந்து வந்த சொற்கள். வேதம் என்ற சொல்லும், ஆங்கிலத்தில் அறிவுக்கூர்மையைக் குறிக்கும் 'விட்' என்ற சொல்லும் உறவினர்கள். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் 1786இல் ஆற்றிய உரை புகழ்பெற்றது. பழைய நூல்களில் 'விஸ்ட்' என்று ஒரு சொல் வந்தால் பயப்படாதீர்கள். அதே வினையின் இறந்தகாலம்தான்: அறிந்திருந்தான்.

ஏ ஒலிக் கூட்டம்

நம்மை அதிகம் தடுக்கி விழவைப்பது இந்தக் கூட்டம். இன்று 'ஓ' ஒலி வரும் இடத்தில் பழைய நூலில் 'ஏ' ஒலி இருக்கும்.

1. ஸ்பீக்: இன்று ஸ்போக், அன்று ஸ்பேக். பேசினான்.
2. பிரேக், அதாவது உடை: இன்று புரோக், அன்று பிரேக். இதன் எழுத்து காரின் பிரேக்குக்கு உரிய அதே எழுத்து. இராமன் வில்லை 'பிரேக்' என்று இருந்தால் வில்லை முறித்தான் என்று பொருள். நிறுத்தினான் என்று இல்லை.
3. பேர், அதாவது சும, பெற்றெடு: இன்று போர், அன்று பேர். எழுத்தில் இது 'வெறும்', 'ஆடையில்லாத' என்ற பொருள் தரும் சொல்லைப் போலவே இருக்கும். குந்தி ஒரு மகனை 'பேர்' என்றால் பெற்றெடுத்தாள்.
4. டேர், அதாவது கிழி: இன்று டோர், அன்று டேர்.
5. பிகெட், அதாவது தந்தையாகு: அன்று பிகேட். வம்ச வரிசை சொல்லும் இடங்களில் தந்தைக்கு 'பிகேட்', தாய்க்கு 'பேர்' என்று மாறி மாறி வரும்.

இந்த 'ஏ' எப்படி 'ஓ' ஆனது? ஸ்போக்கன், புரோக்கன், டோர்ன் என்ற மூன்றாம் வடிவங்களில் 'ஓ' இருந்தது. மக்கள் பேசப் பேச அந்த ஒலி இரண்டாம் வடிவத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 1611இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளிவந்த பைபிள் பெயர்ப்பில் இந்தப் பழைய வடிவங்கள் ஏராளம். அந்தப் பெயர்ப்பே தனக்கு எண்பது ஆண்டுகளுக்குமுன் வில்லியம் டின்டேல் செய்த பெயர்ப்பைப் பெரிதும் பின்பற்றியது. ஆகவே அச்சாகி வந்த அன்றே அதன் நடை சற்றுப் பழையது. தெருவில் பேச்சு மாறிப்போன பிறகும் தேவாலயத்தில் அந்த நடை தொடர்ந்து ஒலித்தது. புனித நூல் என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆங்கில வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நூல்களைப் பெயர்த்தவர்கள் அந்த மரியாதையை நம் நூல்களுக்கும் தர, அதே நடையைக் கையாண்டார்கள். ஆர்னால்டு வீட்டில் காப்பி கேட்கும்போது இப்படிப் பேசியிருக்க மாட்டார்!

குடும்பம் மாறியவர்கள்

ஹெல்ப் ஒரு காலத்தில் வலுவான வினை. அதன் இறந்தகாலம் 'ஹோல்ப்'. ஏறு என்ற 'கிளைம்' வினைக்கு 'கிளோம்'. இரண்டும் பிறகு 'எட்' குடும்பத்துக்குப் போய்விட்டன.

இதை எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த எரெஸ் லீபர்மேன், ஷான் பப்டீஸ்ட் மிஷேல் முதலியோர் 2007இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற இறந்தகாலம் கொண்ட 177 வினைகளை எடுத்துக்கொண்டார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று 98 மட்டும் மிச்சம். அதிகம் புழங்கும் வினை மாறாமல் நிற்கிறது; அபூர்வமாக வரும் வினை சீக்கிரம் 'எட்' பக்கம் சாய்கிறது. ஒரு வினை இன்னொன்றைவிட நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால், அது பத்து மடங்கு வேகமாக மாறுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. கோ, சே, சீ, டேக், கெட் எல்லாம் ஏன் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை என்பது இப்போது புரிகிறதா? தினமும் நாக்கில் இருப்பதை யாரும் மறப்பதில்லை.

எதிர்த்திசையில் போனவையும் உண்டு. தோண்டு என்ற 'டிக்' வினைக்கு 1611 பைபிளில் 'டிக்ட்' என்றே வருகிறது. இன்று நாம் சொல்லும் 'டக்'தான் புதியது. மணியடிக்கும் 'ரிங்', முன்பு 'எட்' குடும்பம். 'சிங், சேங்' என்பதைப் பார்த்து 'ரேங்' என்று மாறிக்கொண்டது. ஆகவே பழையது எல்லாம் கடினம், புதியது எல்லாம் சுலபம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

முகமே மாறியவர்கள்

சில வினைகளின் பழைய வடிவத்தைப் பார்த்தால் மூலம் எதுவென்றே தெரியாது.

'ராட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ, ஆர், ஓ, யூ, ஜி, எச், டி என்று எழுதுவார்கள். தாட், பாட் என்பவற்றோடு ஒத்து ஒலிக்கும். இது வேறு யாரும் இல்லை, 'வர்க்' என்ற வினையின் பழைய இறந்தகாலம். செய்தான், உருவாக்கினான். அடித்து உருவாக்கிய இரும்பு 'ராட் அயர்ன்'. நம் வரிசை வீடுகளின் கேட்டிலும் ஜன்னல் கம்பியிலும் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். நாடகாசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்ற சொல்லின் பின்பாதியும் அதே குடும்பம். நாடகத்தை எழுதுபவர் என்பதைவிட நாடகத்தைச் செய்பவர் என்பதே அதன் பொருள். அதனால்தான் அதன் எழுத்துக்கூட்டு 'எழுது' என்ற வினையோடு பொருந்தாது.

'குவோத்' என்றால் சொன்னான். இது எப்போதும் சொல்பவருக்கு முன்னால் வரும்: குவோத் ஹி. இதன் தம்பி 'பிக்வீத்' இன்றும் உயில் எழுதும் வழக்கறிஞரிடம் பிழைத்திருக்கிறது.

'டர்ஸ்ட்' என்றால் துணிந்தான். 'டேர்' என்ற வினையின் பழைய இறந்தகாலம்.

'வெண்ட்' தினமும் நாம் சொல்வது. அதில் ஒரு கதை உண்டு. 'கோ' என்ற வினைக்கு முன்பு வேறோர் இறந்தகாலம் இருந்தது. அது மறைந்துபோக, வழியில் திரும்பித் திரும்பிச் செல்வதைக் குறிக்கும் இன்னொரு வினையின் இறந்தகாலத்தை 'கோ' தத்தெடுத்துக்கொண்டது. அந்தத் தத்துப்பிள்ளைதான் வெண்ட். வருக்கு வந்தான், போவுக்குப் போனான் என்று வளர்ந்த நமக்கு, கோவுக்கு வெண்ட் எப்படி வந்தது என்ற சந்தேகம் நியாயமானதுதான்.

இறந்தகாலம் போல நடிப்பவை

இங்கேதான் என் மாணவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய சொல் என்றாலே பழைய காலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

'ஹேத்' என்றால் 'ஹேஸ்'. 'டத்' என்றால் 'டஸ்'. 'ஸ்பீக்கெத்' என்றால் 'ஸ்பீக்ஸ்'. கடைசியில் 'எத்' வந்தால் அது நிகழ்காலம். அவன், அவள், அது என்பவற்றோடு மட்டும் வரும். கீதையில் ஆத்மாவைப் பற்றிய வரியில் இப்படி ஒரு வினை வந்தால், 'முன்பு இருந்தது' என்று படித்துவிடாதீர்கள். இன்றும் என்றும் இருப்பதைச் சொல்லும் வரி, ஒரு காலத்தில் இருந்து முடிந்துபோனது என்று ஆகிவிடும். ஓர் எழுத்தில் தத்துவமே தலைகீழாகிவிடும்.

'தௌ' என்றால் நீ. அதோடு வரும் வினைக்கு 'ஸ்ட்' வால் முளைக்கும்: ஹேஸ்ட், டிட்ஸ்ட், வாஸ்ட். இதில் டிட்ஸ்ட், வாஸ்ட் இரண்டும் இறந்தகாலம், ஹேஸ்ட் நிகழ்காலம். வாலைப் பார்த்துக் காலம் சொல்லாமல், வாலை நீக்கிவிட்டு மூல வினையைப் பாருங்கள். டிட்ஸ்ட் என்பதில் வாலை எடுத்தால் டிட் நிற்கும். காலம் தானாகத் தெரியும்.

இன்றும் நம்மோடு இருப்பவை

பழைய வடிவங்கள் முழுவதும் செத்துப்போகவில்லை. வினையாக வாழ முடியாதவை பெயருக்குமுன் அடைமொழியாகக் குடியேறிவிட்டன. 'மெல்ட்' வினைக்கு இன்று மெல்டட். ஆனால் கஃபேயில் நீங்கள் கேட்பது மோல்டன் லாவா கேக்; எரிமலைக் குழம்பும் மோல்டன்தான். மழையில் ஊறிப்போன திடலைச் 'சாடன்' என்பார்கள். அது கொதிக்கவை என்ற 'சீத்' வினையின் பழைய மூன்றாம் வடிவம். டிரங்கன், சங்கன், ஷேவன் எல்லாம் இந்தக் கூட்டம்.

தேர்வு எழுதுவோருக்கு ஒரு சொல்

எஸ்.பி.எம். கட்டுரையில் 'ஹி ஸ்பேக்' என்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். இவை படிப்பதற்கு, எழுதுவதற்கு இல்லை. வீட்டில் யாரும் "அண்ணன் உள்ளே புக்கான்" என்று பேசுவதில்லையே, அதுபோலத்தான்.

பயிற்சி

கீழே உள்ள வாக்கியங்களின் பொருளையும் காலத்தையும் சொல்லுங்கள். விடையைப் பார்க்காமல் முயலுங்கள்.

1. சஞ்சயா ஸ்பேக்.
2. ஷி பேர் எ சன்.
3. குவோத் தி கிங்.
4. தி கிங் ஹேத் எ சன்.
5. தௌ டிட்ஸ்ட் நாட் கம்.
6. நோ மேன் டர்ஸ்ட் ஸ்பீக்.
7. ஹி ராட் எ ஸ்வோர்ட்.

விடைகள்: 1. சஞ்சயன் பேசினான், இறந்தகாலம். 2. அவள் ஒரு மகனைப் பெற்றெடுத்தாள், இறந்தகாலம். 3. அரசன் சொன்னான், இறந்தகாலம். 4. அரசனுக்கு ஒரு மகன் இருக்கிறான், நிகழ்காலம். 5. நீ வரவில்லை, இறந்தகாலம். 6. பேச எவனும் துணியவில்லை, இறந்தகாலம். 7. அவன் ஒரு வாளைச் செய்தான், இறந்தகாலம்.

ஐந்து சரியாக வந்திருந்தால் நீங்கள் தயார். நான்காவது தவறியவர்கள் 'இறந்தகாலம் போல நடிப்பவை' பகுதியை இன்னொரு முறை படியுங்கள்.

அடுத்த வேலை இதுதான். இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்னால்டின் முதல் அத்தியாயத்தை எடுங்கள். ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர் பழைய வினை வரும் இடத்தில் கையைத் தூக்கட்டும். தம்பி தங்கைகளோடு விளையாட்டாகவே செய்யலாம். இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகும்போது கை தூக்குவது குறைந்துவிடும். அர்ச்சுனன் என்ன கேட்டான், கண்ணன் என்ன சொன்னான் என்பதில் மனம் போய்விடும். புரியாத வினை ஏதாவது மிச்சம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த பாடத்தில் பார்ப்போம்.